வலது அட்ரினலும் இடது அட்ரினலும் ஒரே அறுவை அல்ல

அட்ரினல் சுரப்பி ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். சிறுநீரகத்தின் மேல்முனையில், வயிற்றறைச் சவ்வுக்குப் பின்னால், கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். வலது முக்கோணமாக இருக்கும். இடது பிறை வடிவில், சற்று நீளமாக இருக்கும். இதெல்லாம் முதலாண்டுப் பாடம். சுரப்பியை அகற்றும் அறுவை மேசையில் கணக்கில் வருவது சிரைதான்.

தமனிகள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. உதரவிதானத்தின் கீழ்த்தமனி, பெருந்தமனி, சிறுநீரகத் தமனி மூன்றிலிருந்தும் மெல்லிய கிளைகள் விசிறிபோல வந்து சேரும். பெரும்பாலானவை அல்ட்ராசோனிக் கருவியிலேயே (அதிர்வால் திசுவை வெட்டி அடைக்கும் கருவி) அடைபட்டுவிடும். ரத்தம் வெளியேறுவதோ பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய சிரை வழியாக.

வலதில் அந்தச் சிரை 1 செ.மீ. கூட இருக்காது. உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையின் பின்பக்கவாட்டில் நேராகப் போய்த் திறக்கும். சுரப்பியைப் பிடித்து இழுத்தால் கிழிவது பெருஞ்சிரையின் சுவர். அப்போது தடுமாறி கிளிப் (குழாயைக் கவ்வி அடைக்கும் சிறு பிடி) போட்டால் ஓட்டை பெரிதாகும். காஸ் துணி வைத்து அழுத்தி, இடத்தைத் தெளிவாகப் பார்த்த பிறகே தையல் போட வேண்டும். அந்த நிலைக்கே போகாமலிருக்க, கல்லீரலின் வலது முக்கோணத் தசைநாரை நன்றாக அறுத்துக் கல்லீரலைத் தூக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு பெருஞ்சிரையின் வலது விளிம்பை ஒட்டிச் சவ்வைத் திறந்து, சிரையைச் சுற்றிலும் விடுவித்து, பெருஞ்சிரைப் பக்கம் இரண்டு கிளிப், சுரப்பிப் பக்கம் ஒன்று போட்டு வெட்டலாம். சிலருக்கு இன்னொரு சிறு சிரை மேலே கல்லீரல் சிரைக்குப் போகும். 'ஒன்றை வெட்டியாயிற்று' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

இடதில் சிரை 2 முதல் 3 செ.மீ. நீளம். உதரவிதானக் கீழ்ச்சிரை அதில் வந்து சேர, இடது சிறுநீரகச் சிரையில் கலக்கும். கிளிப் போட இடம் தாராளம். இங்கே சிக்கல் வேறு: கணையத்தின் வால் பார்வைக்கு அட்ரினலைப் போலவே இருக்கும். மண்ணீரலையும் கணைய வாலையும் சேர்த்து நடுப்பக்கமாகச் சாயவிட்டால் சரியான தளம் கிடைக்கும். கீழே போகும்போது சிறுநீரக மேல்முனைத் தமனிக் கிளையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பக்கமானாலும் சுரப்பியை நேரடியாகக் கவ்வக் கூடாது. அது எளிதில் நொறுங்கும். புற்றுநோயாக இருந்தால் உறை கிழிந்து செல்கள் சிதறும். சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்தே நகர்த்த வேண்டும். கொழுப்பு வெளிர்மஞ்சள், சுரப்பி அதைவிட அடர்ந்த பொன்மஞ்சள், நிறமே வழிகாட்டும்.

பியோகுரோமோசைட்டோமா (அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கொட்டும் அட்ரினல் கட்டி) என்றால் 10–14 நாள் முன்பே ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்பா தடுப்பு மருந்து. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு அதன் பிறகுதான். முதலில் கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறிவிடும். சிரையில் கிளிப் போடுவதற்கு முன் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த சில நிமிடங்களில் அழுத்தம் சரியும். குஷிங் நோயாளிக்கோ (கட்டி கார்ட்டிசால் ஹார்மோனை மிகையாகச் சுரப்பவர்) மறுபக்கச் சுரப்பி உறங்கிக்கிடக்கும். அறுவை முடிந்ததும் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தைத் தொடங்கி, அது விழிக்கும்வரை பல மாதங்கள்கூடத் தொடர வேண்டியிருக்கும்.