ஆண்டி ஊரில் பிச்சைக்குத் தடையா?

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர்கள் சில்லறைக்காக வங்கிக்குப் போவது குறைவு. படிப்பாதை ஓரம் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது பொழுது சாயும்போது கடைக்கு வந்துவிடுவார்கள். என் கடைக்கு வருவது ஒரு ஆத்தா. சுருக்குப்பையை மேஜைமேல் கவிழ்த்து, ஒரு ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி, ஐந்து ரூபாய் தனி என்று பத்துப் பத்தாக அடுக்குவார். அடுக்கு சரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நான் கை வைக்கக் கூடாது. பத்து ரூபாய் நாணயங்களை மட்டும் எண்ணுவதற்கு முன்பே என் பக்கம் தள்ளிவிடுவார். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொன்னாலும் அவர் போகிற டீக்கடைக்காரர் கேட்பதாக இல்லை.

"இப்பெல்லாம் எல்லாரும் போனைக் காட்டிட்டுப் போயிடறாங்க கண்ணு" என்பது ஆத்தாவின் தினசரிப் புலம்பல். உண்மைதான். ஜிபே வந்தபின் என் கல்லாவிலும் சில்லறை இல்லை, அவர் தட்டிலும் இல்லை.

இந்த மாதிரி ஆட்களை எல்லாம் அடிவாரத்தில் உட்காரவே விடக் கூடாது என்று எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் மனு எழுத உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எங்கள் அப்பா பாச்சலூரிலிருந்து பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைத் தார் இறக்கிக்கொண்டிருந்தவர்; அப்புறம்தான் இந்த அர்ச்சனைத் தட்டுக் கடை. அதனால் அடிவாரத்தில் எனக்கும் ஒரு வாய் உண்டு என்று போனேன்.

முதலில் ஒன்று. தடை போடச் சொல்லிப் புதிதாகக் கேட்க வேண்டியதே இல்லை. பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1945-லிருந்தே இருக்கிறது. அது வேலை செய்கிற விதத்தை அடிவாரத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தைப்பூசமோ பங்குனி உத்திரமோ நெருங்கினால் வேன் வரும். கைத்தடி, கம்பளி, அலுமினியத் தட்டு எல்லாவற்றோடும் ஏற்றுவார்கள். கூட்டம் கலைந்த சில நாட்களில் பாதிப் பேர் அதே இடத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் எங்கே என்று நாமும் கேட்பதில்லை.

வடக்கே இதைவிடக் கடுமை. 1959-ஆம் வருஷத்து பம்பாய்ச் சட்டத்தில், பாட்டுப் பாடி, ஆடி, ஜோசியம் சொல்லி, ஏதாவது விற்பதுபோல் காட்டிக் காசு கேட்டாலும் பிச்சைதான். மறுபடி மறுபடி பிடிபட்டால் பத்து வருஷம் வரை அடைத்து வைக்கலாம். டில்லியில் அமலில் இருந்த அந்தச் சட்டத்தின் பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகளை 2018-இல் டில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கொரோனா சமயத்தில், 2021-இல், தெருவில் யாரும் பிச்சை எடுக்காதபடி உத்தரவிடச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேறு வழியில்லாமல்தான் பிச்சைக்கு வருகிறார்கள், மேல்தட்டுப் பார்வையோடு இதை அணுக முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இந்தூரில் வேறு வழி பிடித்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து பிச்சை போடுகிறவர்மேல் வழக்கு என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. இதை மனு எழுதும் இடத்தில் ஒருவர் பாராட்டிப் பேசினார். இங்கே அதைக் கொண்டுவந்தால் காவடி எடுத்து வருகிற குடும்பங்கள் சாமி பார்ப்பதற்கு முன் ஸ்டேஷனைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊருக்கே பேர் கொடுத்தது கோவணத்தோடு தண்டம் பிடித்து நிற்கும் ஆண்டி. சாயரட்சையில் ராஜ அலங்காரம் பார்க்கத்தான் தள்ளுமுள்ளு என்றாலும், அலங்காரத்தைக் கலைத்தால் ஆண்டிதான். வேண்டுதலுக்காக வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை எடுத்து, அந்தக் காசில் பழனிக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நல்ல வேலையில், காரோடு இருப்பவர்கள். அவர்கள் மடி ஏந்தினால் பக்தி. ஆத்தா ஏந்தினால் தொந்தரவு.

"சோறுதான் கோயில்ல போடறாங்களே, அப்புறம் எதுக்குப் பிச்சை?" என்பது அடுத்த வாதம். நாள் முழுக்க அன்னதானம் 2012-லிருந்து நடக்கிறது. நல்ல காரியம், நானே சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் பந்தி நடப்பது மலைமேல். 693 படி. முழங்காலுக்குக் கீழே இல்லாத ஒருவர் எங்கள் வரிசையில் சக்கரப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்தச் சாப்பாடு கொடைக்கானலில் போட்டாலும் ஒன்றுதான். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதை வாங்க ஆதாரும் விலாசமும் காட்ட வேண்டும். படிப்பாதை ஓரம், தேங்காய்க் கடைக்கு எதிரே என்றா விலாசம் எழுதுவது?

அதற்காக எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றும் நான் சொல்லவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மயக்கத்தில் கிடப்பதுபோல் அது கிடக்க, காசு கேட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். குழந்தையை வைத்துப் பிச்சை எடுக்க விட்டால் ஐந்து வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் அபராதம் என்று சிறார் நீதிச் சட்டத்தில் இருக்கிறது. 1098-க்குப் போன் போட்டாலே போதும். அங்கே கருணை காட்டக் கூடாது. கேட்காமலே நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு நூறு கொடு என்று கையைப் பிடித்து இழுப்பவர்களையும், படி ஏறும் முகப்பில் வழியை அடைத்து நிற்பவர்களையும் நகர்த்தத்தான் வேண்டும்.

சரி, வழிமறிப்பதுதான் குற்றம் என்றால் அடிவாரத்தில் அதை அதிகம் செய்வது யார்? பஸ் ஸ்டாண்டில் குடும்பத்தோடு இறங்கிப் பாருங்கள். இறங்கின உடனே ஒருவர் உங்கள் பையைக் கையில் எடுத்திருப்பார். "வாங்க சாமி, சீக்கிரம் தரிசனம் பண்ணிடலாம்." கைடு என்பார். நேரே ஒரு கடைக்குக் கூட்டிப்போவார். செருப்பு விட இலவசம். செருப்பை விட்டதும் மடியில் ஒரு தட்டு வந்து உட்காரும். தேங்காய், பழம், மாலை, கூடவே நீங்கள் கேட்காத நெய் விளக்கும் இருக்கும். விலை கேட்டால் "திரும்பி வந்து குடுங்க சாமி". திரும்பி வந்தால்தான் விலை தெரியும், செருப்போ அவர்களிடம். இப்படி ஏமாந்து வந்து என் கடை வாசலில் அழுத பெரியம்மாக்களை எனக்குத் தெரியும். ஆத்தாவுக்குக் காசு போட்டு யாரும் அழுது பார்த்ததில்லை.

இந்த மனுவுக்கு இப்போது ஏன் அவசரம் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. உயர் நீதிமன்றம் சொல்லி கிரிவீதியில் ஆக்கிரமிப்புகளை எடுத்தார்கள், வண்டிகளையும் நிறுத்தினார்கள். தெரு அகலமாகிவிட்டது. முன்பு தள்ளுவண்டிக்கும் காருக்கும் நடுவே மறைந்திருந்தவர்கள் இப்போது பளிச்சென்று தெரிகிறார்கள். எண்ணிக்கை கூடிவிட்டதாக எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதே முகங்கள்தான்.

மனுவில் 'பிச்சைக்காரர்களை' என்று இருந்த இடத்தில் 'பக்தர்களை வழிமறித்துத் தொந்தரவு செய்யும் எவரையும்' என்று மாற்றச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூத்த கடைக்காரர் அண்ணன் ஒருவர், "அது வேற, இது வேறம்மா. அது வியாபாரம்" என்றார். தட்டுக்கு இவ்வளவு என்று கைடுகளுக்குக் கமிஷன் கொடுக்கும் கடைகளில் அவருடையதும் ஒன்று. மாற்றம் ஏற்கப்படவில்லை, நானும் கையெழுத்துப் போடவில்லை. மனு பழைய வாசகத்தோடே போய்விட்டது.