156 கட்-ஆஃப்பை வைத்துக்கொண்டு கிண்டிக்குப் போன கதை

கணக்கு 78, இயற்பியல் 74, வேதியியல் 82. பொறியியல் கலந்தாய்வில் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டுவார்கள், அப்படி 200க்கு எனக்கு வந்தது 156. இதை வைத்துக்கொண்டு கிண்டிப் பொறியியல் கல்லூரி என்று வாயைத் திறந்தால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள்.

ரிசல்ட் வந்த சாயங்காலமே போன் வந்தது, ஒரு தனியார் கல்லூரியின் ஆள். பஸ் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றார். அப்பா கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்த அம்மா, பீரோவைத் திறந்து மஞ்சப்பையை எடுத்தே விட்டார். நான்தான் பிடுங்கி வைத்தேன். ஒரிஜினலை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவதற்குள் கலந்தாய்வு முடிந்திருக்கும்.

என்னிடம் இருந்த ஒரே பிடிமானம் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கானது, பொறியியலுக்கு 2021ல்தான் வந்தது, படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டிவிடும். ஆனால் அந்த ஏழு வருடத்துக்கும் பள்ளியில் சான்று வாங்க வேண்டும். நான் எட்டு வரை ஊர்ப் பள்ளி, அப்புறம் டவுன் பள்ளி, ஆக இரண்டு தலைமை ஆசிரியர்கள். ஊர்ப் பள்ளி சார் கையெழுத்துக்கு மட்டும் மூன்று நடை. என் தோழிக்கு என்னைவிட கட்-ஆஃப் அதிகம், ஆனால் எட்டு வரை அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, அதனால் இதில் சேர மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே தெரு, ஒரே கூலி வேலைக் குடும்பம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையம், விஏஓ என்று அலைந்தால் கிடைத்துவிடும், அதைச் சொல்ல ஒன்றுமில்லை. தடுக்கிய இடம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று ஆன்லைனில் வரிசையாகப் போடுவது.

பிரவுசிங் சென்டர் அண்ணன் நல்லவர்தான், ஆனால் "156க்கு அதெல்லாம் வராதும்மா" என்று பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போட்டு ஆரம்பித்தார். இயற்பியல் சார் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும், உன் ரேங்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும், மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றார் அவர். அதனால் கிடைக்கும் என்று தோன்றுகிற வரிசையில் இல்லாமல், வேண்டும் என்கிற வரிசையில் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

ஒரு கோடு போட்ட நோட்டில் கல்லூரி எண்களை எழுதினேன். கிண்டிக்கு எண் 1. முதலில் சிவில், அடுத்து ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், மூன்றாவதாக அதே கிண்டியில் தமிழ்வழி சிவில். தமிழ்வழிக்குத் தனிக் குறியீடு உண்டு, வேலை கிடைக்காது என்று பயந்து நிறையப் பேர் அதைத் தொடுவதில்லை. நான் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழில்தான் படித்தேன், எனக்கென்ன பயம். கோவை, சேலம் அரசுக் கல்லூரிகள் எல்லாம் அதற்குக் கீழே. மொத்தம் 43.

கடைசியில் லாக் செய்யும்போது ஓடிபி வரவேயில்லை. விண்ணப்பம் போட்ட அன்று அந்த அண்ணன் அவசரத்தில் தன் போன் நம்பரையே கொடுத்துவிட்டிருக்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. அவர் வீட்டைத் தேடிப் போனால் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். பந்தியில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றேன். இடது கையால் போனை எடுத்து நம்பரைப் படித்துக் காட்டினார், நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கி வந்த போனில் அங்கேயே நின்று போட்டேன்.

எனக்குக் கிடைத்தது மூன்றாவதாகப் போட்டது. "தமிழ்லயே இன்ஜினியரா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

அந்த நோட்டை இந்த ஜூனில் எதிர்வீட்டுப் பெண் வாங்கிப் போயிருக்கிறாள். கொடுப்பதற்கு முன்னால் அட்டையில் அவளுடைய சொந்த போன் நம்பரைப் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.