சாரலுக்கு முன்னால் போட்ட ஊசி

அடுக்களைச் சுவரில் அரிசிக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் கணக்கு, கேஸ் வந்த தேதி எல்லாம் அதில்தான். மகனுக்கு மூச்சு இளைத்து நெபுலைசர் (மருந்தைப் புகை மாதிரி உள்ளே இழுக்க வைக்கிற கருவி) வைக்கிற நாட்களில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு 'நெ' போட்டு வைப்பேன். 2025 ஏப்ரலில் குழந்தை டாக்டர், "போன ஒரு வருஷத்துல எத்தனை தடவை வச்சீங்க?" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பரணில் கிடந்த பழைய காலண்டரையும் இறக்கி எண்ணினேன். பதினாலு. அதில் ஒன்பது, ஜூன் கடைசிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில்.

எங்களுக்குச் செங்கோட்டை. மேற்கே புளியரை, அதைத் தாண்டினால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும்போது கணவாய் வழியாக எங்களுக்குச் சாரல் வரும். குற்றாலத்தில் குளிக்க ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்கும் அந்த மாதங்கள்தான் எங்கள் வீட்டில் இளைப்பு மாதங்கள். துணி காயாது, சுவரில் ஈரம் காயாது, பிள்ளை நெஞ்சில் விசில் சத்தம் ஓயாது.

2024 ஜூலையில் அவனுக்கு ஐந்து வயது. ஒரு திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வரும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது. மெடிக்கலில் சொல்லி ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கிக் கொடுத்தேன். வைரஸ் காய்ச்சலுக்கு அந்த மருந்தால் ஒரு பயனும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ராத்திரி அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து எழுந்தது. தென்காசிக்கு ஓடினோம். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ப்ளூ காய்ச்சல், என்று வந்தது. அதற்கென்று ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறதாம். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அது நன்றாக வேலை செய்யும் என்றார்கள். நாங்கள் போனது அந்த நேரம் தாண்டி. ஆனாலும் கொடுத்தார்கள். மூன்று நாள் ஆக்சிஜன் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, "அடுத்த சீசனுக்கு முன்னாடி ப்ளூ ஊசி போட்டுருங்கம்மா" என்று அந்த டாக்டர் சொன்னார். தலையாட்டினேன். அதோடு மறந்தும் போனேன். ஒன்பது மாதம் கழித்து காலண்டரை எண்ணும்போதுதான் அந்த வார்த்தை திரும்ப வந்து குத்தியது.

அதன் பிறகும் உடனே முடிவெடுத்துவிடவில்லை. முதலில், இந்த ஊசிதான் ஏற்கனவே போட்டாயிற்றே என்று நினைத்தேன். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போட்ட பென்டாவேலன்ட் ஊசி இருக்கிறது. அது எதெதற்கு என்று பார்த்தால் அதில் இன்ஃப்ளூயன்சா என்ற சொல்லும் வருகிறது. எங்கள் நர்சம்மாதான் விளக்கினார். அது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி என்ற பாக்டீரியாவுக்கு எதிரானது. அந்தக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல், நிமோனியா இரண்டையும் தடுக்கும் நல்ல ஊசி, ஆனால் ப்ளூவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1892-இல் அந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்த பைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, ப்ளூவுக்குக் காரணம் இதுதான் என்று தவறாக எண்ணி அந்தப் பெயர் வைத்துவிட்டார். மனிதரிடமிருந்து ப்ளூ வைரசைப் பிரித்தெடுத்ததே 1933-இல்தான். தப்பு தெரிந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. இந்த பென்டாவேலன்ட் 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் வந்தது நம் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் என்று நர்சம்மா பெருமையாகச் சொன்னார். என்னைப் போல அட்டையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ப்ளூ ஊசி அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. அதனால் அங்கன்வாடியில் யாரும் நம்மைக் கூப்பிட்டுப் போட மாட்டார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது நான் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பி, எத்தனையோ பெற்றோர் பிள்ளைக்குப் போட வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்கள். அன்றைக்கு வாசல் வாசலாகப் போய்ப் பேசியவள் நான். அதே நான், காசு கொடுத்து நாமாகத் தேடிப் போக வேண்டிய ஊசி என்றதும் ஒன்பது மாதம் தள்ளிப்போட்டேன்.

மாமியாருக்கு வேறு கவலை. "காய்ச்சல் வராம இருக்கக் காய்ச்சல் கிருமியையே ஏத்துவாங்களா? நல்லா இருக்குற பிள்ளைய எதுக்கும்மா படுக்க வைக்குத?" என்றார்கள். அத்தை கேட்டது நியாயமான கேள்வி. டாக்டரிடம் அப்படியே கேட்டேன். குழந்தைகளுக்கு இங்கே போடும் ஊசியில் இருப்பது செயலிழக்க வைத்த வைரசின் கூறுகள். அதில் உயிர் கிடையாது, பெருகாது, அதனால் ப்ளூவை உண்டாக்க முடியாது. ஒன்றிரண்டு நாள் கை வலியும் லேசான சூடும் இருக்கலாம். மகளுக்கு முட்டை தின்றால் உதட்டோரம் தடிக்கும். இந்த ஊசி மருந்துகளில் பலவற்றைக் கோழிமுட்டையில்தான் தயாரிக்கிறார்கள் என்பதால் அதையும் கேட்டேன். அந்த அளவு அலர்ஜிக்குப் பயமில்லை, போட்ட பிறகு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்.

வீட்டுக்காரர் புளியரை செக்போஸ்ட் தாண்டிக் காய்கறி லோடு ஓட்டுகிறார். எதையும் கணக்குப் போட்டுத்தான் பேசுவார். "போட்டா வரவே வராதா?" என்று கேட்டார். வரலாம். ஊசியும் அந்த வருஷம் சுற்றுகிற வைரசும் நன்றாகப் பொருந்தினால், ப்ளூ வந்து டாக்டரிடம் போகிற நிலைமை 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். மற்றபடி சாதாரணச் சளிக்கு இது தடுப்பே இல்லை. அதற்கு வேறு வைரஸ்கள் எத்தனையோ. "பாதிக்குப் பாதிக்கா இவ்வளவு ரூவா?" என்றார். ஒன்பது வயதுக்குக் கீழே முதல்முறை போடுகிற பிள்ளைக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், ஆக நாலு. ஒன்று 1,700 ரூபாய்க்கு மேல். நான் தென்காசி ஆஸ்பத்திரி பில்லை எடுத்து முன்னால் வைத்தேன். அந்த மூன்று நாளும் வண்டி ஓடாத நஷ்டத்தை அவரே அதோடு கூட்டிக்கொண்டார்.

மகனுக்கு மட்டும் போட்டால் போதாதா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்குமே வருஷா வருஷம் போடச் சொல்லி இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல், இளைப்பு மாதிரித் தொந்தரவு இருக்கிற பிள்ளைகளுக்கு. மகளுக்கு இரண்டு வயது, மகனுக்கு ஆறு. ஒருத்தி வயதால், ஒருத்தன் நெஞ்சால், இரண்டு பேருமே அந்தக் கணக்குக்குள் வந்தார்கள்.

முடிவெடுத்த பிறகு வந்த சிக்கல் நான் எதிர்பார்க்காதது. எங்கள் டாக்டரிடம் கையிருப்பு இல்லை, சீட்டு எழுதிக் கொடுத்தார். முதலில் போன கடையில் எடுத்துக் காட்டிய பெட்டி வட அரைக்கோளத்துக்கானது, முந்தைய சீசனுடையது, காலாவதிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. ப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. நம் மழைக்காலத்துக்கு முன்னால் ஏப்ரல், மே வாக்கில் வந்து சேருவது தென் அரைக்கோளப் பெட்டி. பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். டாக்டர் சொல்லியிருந்ததால் பார்த்தேன், இல்லாவிட்டால் வாங்கியிருப்பேன். சில பெட்டியில் நாலு வகை, சிலதில் மூன்று வகை என்று இருப்பதைக் கண்டும் குழம்ப வேண்டாம். நாலாவதான பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை, அதனால் மூன்று இருந்தாலே போதும்.

இரண்டாவது கடையில் 2025 தென் அரைக்கோளப் பெட்டி கிடைத்தது. மகனுக்கு ஒன்று மட்டும் முதலில் வாங்கினேன். கடைப் பையன் பெட்டியை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, ஐஸ் கட்டிகளை அதன் மேலேயே கொட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். நானும் குளிர்ச்சியாக இருந்தால் சரி என்று மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். டாக்டர் கவரைப் பிரித்ததும் முகம் மாறினார். அட்டைப் பெட்டி ஊறிப்போய், ஊசிக் குழாயோடு ஐஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும்; ஒருமுறை உறைந்துவிட்டால் போடக் கூடாது. "உறைஞ்சிருக்காதுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா. போட மாட்டேன்" என்றார். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த டாக்டர் மேல் எனக்கு மரியாதை கூடியதும் அன்றைக்குத்தான்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், புனலூரில் ஸ்டாஃப் நர்சாக இருக்கும் தங்கச்சிக்கு போன் போட்டேன். செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. "யக்கா, பேசாம இங்க கூட்டிட்டு வா. எங்க ஆஸ்பத்திரியிலயே வேக்சின் ஃப்ரிட்ஜ் இருக்கு, வெப்பநிலைய தினம் ரெண்டு தடவை எழுதுதோம்" என்றாள். 2025 மே 17, சனிக்கிழமை. பிள்ளைகளை ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். குகைகளில் நுழையும்போதெல்லாம் மகள் கத்தினாள், கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்ததும் மகன் பாலத்தின் கண்களை எண்ணி எண்ணித் தோற்றான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "மோனு பனி உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "இல்ல, வெயில்தான் அடிக்கு" என்றான்.

ஊசி போட ஒரு நொடிதான். சிஸ்டர் குழாயிலிருந்த ஸ்டிக்கரை உரித்து எங்கள் அட்டையில் ஒட்டித் தேதி எழுதினார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்று ராத்திரி மகனுக்குக் கை வலி மட்டும். மகளுக்கு 100.6 டிகிரி இருந்தது. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியம் உண்டு. வீட்டில் இரண்டு பாட்டிலும் இருந்தன, பார்க்க ஒரே மாதிரி. தங்கச்சி வீடியோ காலில் பாட்டிலைக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, மகளின் 11 கிலோ எடைக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டுச் சொன்ன பிறகே கொடுத்தேன். அவள் இல்லாவிட்டால் அரைத்தூக்கத்தில் எதை எடுத்து ஊற்றியிருப்பேனோ. மறுநாள் சாயங்காலம் சூடு இறங்கியது.

அந்த வருஷம் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளாவைத் தொட்டுவிட்டது, வழக்கத்துக்கு எட்டு நாள் முன்னால். இரண்டாவது ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஊசி முழுப் பலன் தரக் கடைசி டோசுக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் எனக்கு நிம்மதியே இல்லை. ஏப்ரல் கடைசியிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். ஜூன் 14 அன்று கொட்டுகிற மழையில் இரண்டாவது டோசைப் போட்டுக்கொண்டு வந்தோம்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை காலண்டரில் நாலு 'நெ'. ஜூலையில் இரண்டு நாள் காய்ச்சல் வந்து தானாக விட்டது, பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. ஊசியாலா, தினம் காலையும் மாலையும் இன்ஹேலரைத் தவறவிடாமல் கொடுத்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் நிறுத்தப் போவதில்லை.

இனி வருஷத்துக்கு ஒரு ஊசி போதும். புதுக் காலண்டர் வந்த அன்றே ஏப்ரல் கடைசி வாரத்தில் 'புனலூர், ஊசி 3' என்று எழுதி வைத்துவிட்டேன். மூன்றாவது, சர்க்கரை இருக்கிற அத்தைக்கு. எழுபது வயதில் அவர்களுக்கும் ப்ளூ ஆபத்துதான். அத்தை அந்தக் கட்டத்தைப் பார்த்தார்கள். "அப்ப பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பால் கணக்கை எழுதப் பேனாவைக் கேட்டார்கள்.