சித்தப்பாவின் குளிர்ந்த கை: ஒக்டோபர் குறிப்புகள்

ஒக்டோபர் 5, 2024, சனி

ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோ தெருவில் இப்போதே சில வீட்டு முற்றங்களில் ஆளைவிட இரண்டு மடங்கு உயர எலும்புக்கூடுகள் வந்துவிட்டன. கிட்டப் போனால் கண் சிவந்து சிரிக்கும் சூனியக்காரி ஒன்றும் நிற்கிறது. மகள் போய் அதன் மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். துளி பயமில்லை. அவள் வயதில் நான், பேய் வேஷம் போடும் ஹலோவீன் வரும் மாதம் முழுக்க அம்மாவை ஒட்டிக்கொண்டே திரிந்தேன். காரணம் சித்தப்பா.

ஹலோவீனுக்கு அவர் வீட்டுக்குள் அமைத்த பேய்மூலையை இந்த வருடம் திரும்பச் செய்ய ஆசை. அதற்காக நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

ஒக்டோபர் 12, சனி

தொண்ணூறுகளில் இரண்டு குடும்பமும் அம்மம்மாவும் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்ற்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் மூலையைச் சித்தப்பா எடுத்துக்கொள்வார். கறுப்புக் குப்பைப் பைகளைக் கிழித்துத் தொங்கவிடுவார். விளக்குக் கிடையாது. பிள்ளைகள் ஒவ்வொருவராக, தனியாகத்தான் படியிறங்க வேண்டும்.

கீழே மேசையில் துணியால் மூடிய கிண்ணங்கள். முதலாவதில் எண்ணெய் தடவி ஆறவைத்த ஸ்பகெற்றி, அது குடல். அடுத்ததில் தோலுரித்த திராட்சை, அது கண். இதெல்லாம் இங்கே பல வீடுகளிலும் செய்வதுதான். மூன்றாவதுதான் எங்கள் வீட்டுக்கே உரியது: தமிழ்க் கடையில் டின்னில் விற்கும் நுங்கு. பாகிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருப்பார். வழுக்கும், நழுவும், விரலுக்கு அடங்காது. “பிணத்தின்ரை ஈரல்” என்று இருட்டிலிருந்து குரல் வரும். பனங்காணிக்குள் வளர்ந்த அம்மாவே அதைத் தொட்டுவிட்டுக் கத்தியிருக்கிறார்.

கடைசியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. “கையை விடு பிள்ளை, ஒண்டும் செய்யாது.” விட்டதும் உள்ளேயிருந்து ஒரு கை இறுக்கிப் பிடிக்கும். ஐஸ் தண்ணீரில் ஊறிய சித்தப்பாவின் கை. ஒரு வருடம் சரியாக அந்த நொடியில் ஃபர்னஸ் தானாக இரைந்து பற்றிக்கொண்டது. நான் படியேறி ஓடியது இன்னும் உடம்பில் இருக்கிறது.

அந்தப் பேஸ்மென்ற்றில் வெடிச்சத்தம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. ஓநாய் ஊளை, கதவு கிறீச்சிடுவது என்று கசெற்றில் எத்தனையோ போடுவார். ஆனால் யாராவது பலூனை உடைத்தால் கூட அவருக்கு முகம் மாறிவிடும். யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழிக்குள் இருந்துவிட்டு வந்தவர் எங்களை எதனால் பயமுறுத்தலாம், எதனால் கூடாது என்று தனக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டுக்காக அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை பெரியது.

ஒக்டோபர் 19, சனி

அப்போது இருட்டே அதிகம். இது வெறும் நினைவின் மயக்கம் இல்லை. 2007க்கு முன் ஒக்டோபர் கடைசி ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவோம். ஹலோவீன் அன்று ரொறன்ரோவில் ஐந்து மணி தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். இப்போது அந்த மாற்றம் நவம்பருக்குப் போய்விட்டதால் ஆறு மணி வரை வெளிச்சம். பேய்க்கு இது பெரிய நட்டம்!

குளிரும் அப்படித்தான். வேஷத்துக்கு மேல் ஸ்னோ ஜாக்கெற். டிராகுலாவும் சூனியக்காரியும் ஒரே மாதிரி உருண்டையாகத் தெரிவோம்.

ஒக்டோபர் 26, சனி

ஹலோவீன் இரவு வீடுவீடாகப் போய்த் தலையணை உறையில் வாங்கிக்கொண்டுவந்த மிட்டாய் முழுவதையும் அப்பா தமிழ்ப் பத்திரிகையை விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார். நஞ்சு இருக்குமாம், பிளேட் இருக்குமாம். பிறகுதான் படித்தேன்: 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் ஹலோவீன் மிட்டாயில் கலந்த சயனைட்டால் இறந்தான். கலந்தது பெற்ற தகப்பன், காப்புறுதிப் பணத்துக்காக. அறியாத வீட்டுக்காரர் நஞ்சு வைத்துப் பிள்ளைகள் செத்ததாகச் சொல்லும் கதைகளைப் பல வருடங்கள் ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், அப்படி உறுதியான மரணம் ஒன்றைக்கூடக் காணவில்லை.

அதுக்குப் பிறகு அம்மம்மா. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து எங்கள் தலையைச் சுற்றி நாவூறு கழித்து, நெற்றியில் திருநீறு பூசுவார். “கண்ட கண்ட பேயெல்லாம் பாத்துப்போட்டு வருதுகள்.” திருநீறு விழுந்ததும் பயம் உண்மையாகவே போய்விடும். உடனே தூக்கம் வரும்.

ஒக்டோபர் 31, வியாழன்

இன்று தீபாவளியும் சேர்ந்து வந்தது. காலையில் முழுக்கும் புது உடுப்பும், மாலையில் குப்பைப் பையும் நுங்கும். ஜாக்கெற்றே தேவைப்படாத அளவு அதிசயமான சூடு. சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, மேசைக்குக் கீழே குந்த முடியாது. இருட்டில் கதிரை போட்டுக் குரல் மட்டும் கொடுத்தார். கை என்னுடையது. பத்து நிமிடம் ஐஸில் வைத்திருந்ததில் விரல் மரத்துவிட்டது.

சூனியக்காரியின் மூக்கைப் பிடித்தவள் வீடதிரக் கத்தினாள். கத்திய கையோடு திரும்ப வரிசையில் போய் நின்றாள்.

நவம்பர் 1, வெள்ளி

மிச்ச நுங்கை அவளே சாப்பிட்டு முடித்தாள். அடுத்த வருடம் பெட்டிக்குள் கை வைப்பது தானாம். சித்தப்பாவை ஃபோனில் பிடித்துச் சம்மதமும் வாங்கிவிட்டாள்.