ஓர்மைன்னு எழுதினா தப்பா?

ஆறு வருஷத்துக்கு முன்னாடி என்னோட முதல் கதை அச்சுல வந்துச்சு. கன்னியாகுமரி மாவட்டத்துல, கேரள எல்லையில இருக்கற களியக்காவிளை சந்தையில கருவாடு விக்கிற ஒரு அம்மாவப் பத்தின கதை. பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே பிரிச்சுப் பாத்தா, மரச்சீனி மரவள்ளிக்கிழங்கா மாறியிருக்கு, ஓர்மை ஞாபகமா மாறியிருக்கு, சாயா தேநீர் ஆயிடுச்சு, "எனக்கு வெப்ராளமா இருக்கு மக்ளே"ன்னு அந்தம்மா சொல்ற எடத்துல "எனக்குப் பதற்றமாக இருக்கிறது மகளே"ன்னு போட்டிருக்காங்க. கதையப் போட்டவங்களுக்கு போன் பண்ணிக் கேட்டேன். உங்க தமிழ்ல மலையாளம் நெறைய கலந்திருக்கு, வாசகருக்குப் புரியாதுன்னாங்க. அன்னைக்கு ராத்திரி ரொம்ப அழுதேன், பொறந்ததுலருந்து நான் பேசிட்டு இருக்கறது தமிழே இல்லையோன்னு ஒரு பயம் புடிச்சுக்கிச்சு.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இந்தப் பயம் தெரியும். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க விளவங்கோடு, கல்குளம் தாலுகா ரெண்டும் மலையாளம் பேசற திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடதான் இருந்துச்சு. எங்க தாத்தா படிச்சது மலையாளப் பள்ளிக்கூடத்துல, கடைக் கணக்க மலையாளத்துல எழுதுவாரு, பைபிள தமிழ்ல வாசிப்பாரு, கோவம் வந்தா ரெண்டு பாஷையும் சேந்தே வரும். வீட்டுல யாரும் அத ஒரு கொறையா நெனச்சதில்ல, நான் எழுத ஆரம்பிச்சப்புறம்தான் அது கொறையாத் தெரிஞ்சுது.

என்ன அதுலருந்து மீட்டது எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான். ஒரு அக்கா அவரோட 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவல எங்கிட்ட குடுத்து, இத வாசி, பெறகு அழுன்னு சொன்னாங்க. கதை நடக்கற தேங்காப்பட்டணம் எங்க ஊர்லருந்து பக்கம், சின்ன வயசுல அந்தக் கடற்கரைக்கு எத்தன தடவ போயிருக்கேன், ஆனா அந்த ஊருக்குள்ள இப்படி ஒரு உலகம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஊரையே கையில வச்சிருக்கற முதலாளி, பள்ளிக்கூடம் வரவே கூடாதுன்னு நிக்கறவங்க, வீட்டுக்குள்ளயே காலம் தள்ளற பொம்பளைங்க, எல்லாரும் அவங்கவங்க பேச்சுலயே பேசறாங்க, அரபி, மலையாளம், தமிழ் மூணும் ஒரே வாய்க்குள்ள, வாசகருக்குன்னு அவரு எதையும் வெளுத்துக் குடுக்கல. மொதல் பத்து பக்கம் தெணறலாம், அப்புறம் காது பழகிடும். அவரு மலையாளம் படிச்சு வளந்தவரு, பொழப்புக்கு திருநெல்வேலில மிளகாய் வத்தல் வியாபாரம். 1988ல அந்த நாவல் புஸ்தகமா வந்துச்சு, 1997ல 'சாய்வு நாற்காலி'க்கு சாகித்ய அகாதமி விருது குடுத்தாங்க. எந்தப் பேச்சு புரியாதுன்னு எங்கிட்ட சொன்னாங்களோ அதே மாதிரி பேச்சுக்குத்தான் டெல்லில பரிசு குடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு ஒடம்பு சிலுத்துச்சு.

அப்புறம் எழுத்தாளர் ஆ. மாதவன். நான் அப்ப திருவனந்தபுரத்துல வேலைக்குப் போயிட்டு இருந்தேன், குழித்துறைலருந்து காலம்பற ட்ரெயின், சாயங்காலம் திரும்பி வர்ற ட்ரெயினுக்கு ஒரு மணி நேரம் இருக்கும், அந்த நேரத்துல கிழக்கே கோட்டைலருந்து சாலை பஜாருக்குள்ள நடப்பேன். அரிசி மூட்ட எறக்கறவங்க, பூக்கட்டறவங்க, பித்தளைப் பாத்திரம் தொங்கற கடைங்க, அந்த நெரிசல்லதான் அவரு வருஷக்கணக்கா கடை வச்சு வியாபாரம் பண்ணுனாரு. பள்ளிக்கூடத்துல அவருக்குக் கெடச்சது மலையாளம், தமிழ அவராத்தான் தேடிப் புடிச்சாரு. கடையில ஒக்காந்து பாத்த சுமட்டுக்காரன், களவாணி, வேசி, பிச்சக்காரன், இவங்கதான் அவரோட கதைங்க பூரா. அவங்க மேல பரிதாபத்த அள்ளிக் கொட்டமாட்டாரு, பக்கத்துக் கடைக்காரன் பாக்கற மாதிரி பாப்பாரு, அதுதான் எனக்கு அவருகிட்ட ரொம்பப் புடிச்சது. 'புனலும் மணலும்'ல ஆத்துல மணல் அள்ளறவங்களப் பத்தி எழுதியிருக்கறத வாசிச்சா ஈர மணலோட கனம் நம்ம தோள்ல ஏறும். 2010ல முதல் விஷ்ணுபுரம் விருது அவருக்கு, 2015ல சாகித்ய அகாதமி. ஆனா அகாதமி குடுத்தது 'இலக்கியச் சுவடுகள்'ங்கற கட்டுரைத் தொகுப்புக்கு. சாலைத் தெருக் கதைகளுக்கு அல்லவா குடுத்திருக்கணும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல. 2021 ஜனவரில அவரு போயிட்டாரு, நான் ஒரு தடவ கூட நேர்ல பாக்கல.

சாலை பஜார்ல நடக்கும்போது எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நான் எழுதும்போது மேசைல ஒக்காந்து நல்ல வார்த்தையா தேடிட்டு இருந்தேன். இவங்கல்லாம் அப்படித் தேடவே இல்ல, தராசு பக்கத்துலயும் கல்லாப்பெட்டி பக்கத்துலயும் நின்னு காதக் குடுத்தாங்க. மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சதால புஸ்தகத் தமிழ் அவங்களுக்கு மொதல்லயே வந்து ஒட்டிக்கல, காதால கேட்ட தமிழ்தான் மொதல்ல இருந்துச்சு, அதனாலதான் அது அவ்ளோ உயிரோட இருக்குன்னு நான் நம்பறேன். சுந்தர ராமசாமியும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துல தமிழ் படிக்காம, கிட்டத்தட்ட பதினெட்டு வயசுல தமிழ் எழுதப் படிக்கப் பழகி, 'புளியமரத்தின் கதை' எழுதுனாரு. கேரள மின்வாரியத்துல எஞ்சினியரா இருந்த நீல. பத்மநாபன் எங்க மாவட்டத்து இரணியல் பேச்ச அப்படியே 'தலைமுறைகள்'ல எறக்கி வச்சாரு, அதுவும் 1968லயே. நாஞ்சில் நாடன் பம்பாய்ல இருந்துக்கிட்டு வீரநாராயணமங்கலத்து வயலயும் சாப்பாட்டையும் எழுதுனாரு, தூரத்துல இருக்கறவனுக்குத்தான் ஊர்ச் சொல்லு ஒவ்வொண்ணும் நாக்குல ருசிக்கும்போல, 2010ல அகாதமி வாங்கும்போது அவருக்கு வயசு அறுபத தாண்டியிருந்துச்சு.

ஆனா எனக்கு ரொம்ப நெருக்கமா பட்டது மலர்வதிதான். 2012ல இளம் எழுத்தாளர்களுக்கு சாகித்ய அகாதமி குடுக்கற யுவ புரஸ்கார் வாங்குன அவங்க நாவலோட பேரே 'தூப்புக்காரி'. தூத்துப் பெருக்கறவங்கள நாங்க அப்படித்தான் சொல்லுவோம், மத்த ஊர்க்காரங்க கேட்டா என்ன சொல்லுன்னு முழிப்பாங்க. அந்தச் சொல்ல அட்டையிலயே வச்சாங்க. எங்க ஊர்ல வாசல் தூத்துப் பெருக்கற பொம்பள ஒருத்தர நாங்க பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, தூப்புக்காரின்னே கூப்பிட்டுப் பழகினோம். புஸ்தகத்த முடிச்ச மறுநாள் அவங்ககிட்ட பேரு கேட்டேன். ரொம்ப நேரம் என்னப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க.

இப்ப நான் எழுதுறத அம்மாக்கு வாசிச்சுக் காட்டறேன். அம்மா அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான், சக்கை, அதாவது பலாப்பழம், அரிஞ்சுக்கிட்டே கேப்பாங்க. போன வாரம் அதே கருவாட்டுக்கார அம்மா கதைய திரும்ப முதல்லருந்து எழுதி வாசிச்சேன். மரச்சீனி, சாயா, வெப்ராளம் எல்லாத்தையும் திருப்பி வச்சாச்சு. மகன் கப்பல்ல போயி ரெண்டு வருஷமா சேதி இல்லாத எடத்துல அந்தம்மா "எனக்க மோன நான் மறக்கல்ல"ன்னு சொல்றதா எழுதியிருந்தேன்.

அம்மா கத்திய கீழ வச்சாங்க. "மக்ளே, அவ அப்பிடிச் சொல்ல மாட்டா. மறக்கல்லன்னு யாராவது கேட்டாத்தான் சொல்லுவா. அவ சும்மா ஒரு ஆளுக்குச் சேத்து கஞ்சி வச்சுட்டு இருப்பா."

அந்த வரிய அடிச்சுட்டேன். கஞ்சி இன்னும் சரியா வரல, இன்னைக்கு ராத்திரியும் அதுலதான் ஒக்காரணும்.