நாலு குளிசை

ஜூன் 4
மூன்று கிழமையாக விட்டுவிட்டுக் காய்ச்சல். இரவில் சாரம் பிழியும் அளவுக்கு வியர்வை. டெங்கு இல்லையாம். வாட்டில் சேர்த்துவிட்டார்கள்.

ஜூன் 5
டொக்டர் அப்பாவின் நகங்களைப் பார்த்தபடியே இருந்தார். பெருவிரல் நகத்துக்கடியில் சிராய் ஏறினமாதிரி இரண்டு கறுப்புக் கோடு. வலை இழுத்த கை, சிராயாய்த்தான் இருக்கும் என்கிறார் அப்பா. மூன்று தடவை, வேறு வேறு இடத்தில் இரத்தம் எடுத்தார்கள்.
“வீட்டில அன்டிபயோடிக் ஏதும் குடுத்தீங்களா?”
“இல்லை” என்றேன்.

ஜூன் 6
எக்கோ, இதய ஸ்கேன். இதயத்தின் மைட்ரல் வால்வில் ஏதோ ஒட்டிக்கொண்டு, கடல் பாசி மாதிரி ஆடுகிறது. கிருமிக் கட்டி. துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். சின்ன வயதில், வால்வைப் பழுதாக்கும் வாதக்காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். மூட்டு வீங்கிப் பள்ளிக்கூடம் போகாத ஒரு வருடம்தான் அப்பாவுக்கு ஞாபகம். பின்னேரம் 2 மணிக்கு பென்சிலின் தொடங்கியாயிற்று. கூடவே ஜென்டமைசின்.

ஜூன் 7
இரத்தம் விட்டு வைத்த போத்தலில் கிருமி ஒன்றும் வளரவில்லை.

ஜூன் 8
நாலு குளிசை. தம்பியின் பல்லுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின். காய்ச்சல் குறையட்டும் என்று போன கிழமை நான்தான் கொடுத்தேன். அந்த அளவுக்குக் கிருமி சாகாது, ஆனால் போத்தலில் வளராமல் ஒளிந்துகொள்ளுமாம். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் மருந்தும் குருட்டு மருந்துதான். இரவு முழுக்கக் கச்சான் காற்று யன்னலை அடித்தது. அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாளாம். காலையில் டொக்டரிடம் சொல்லிவிட்டேன். டிக்கெட்டில் எழுதிக்கொண்டார், ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஜூன் 10
மூன்றில் இரண்டு வளர்ந்துவிட்டது! விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டொகொக்கஸ். எல்லார் வாயிலும் இருப்பதாம். பென்சிலினுக்கு நன்றாகக் கேட்குமாம். அப்பாவின் சொத்தைக் கடைவாய்ப்பல்லை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. நானும்தான்.

ஜூன் 13
நாலு மணித்தியாலத்துக்கு ஒரு ஊசி, நாலு கிழமை. 168. இன்று விடிகாலை 2 மணியோடு 40. அப்பா விழிப்பதில்லை, நான்தான் விழிக்கிறேன். பென்சிலின் வருமுன் இந்த வருத்தம் வந்தவர்கள் அநேகமாக எல்லாருமே செத்தார்களாம். இதையெல்லாம் இரவில் போனில் ஏன் வாசிக்கிறேன்?

ஜூன் 15
காய்ச்சல் இல்லை. சூடைமீன் பொரியல் கேட்டார். வாங்கப் போகும் வழியில், பஸ் ஸ்ராண்ட் பக்கம் ஒரு மான் ஆறுதலாக நின்று கடதாசிப் பை தின்றது.

ஜூன் 18
கனூலா, கையில் மருந்து ஏற்றும் குழாய், நாலாவது இடத்துக்கு மாறிவிட்டது. ஜென்டமைசின் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம் என்று இரத்தம் பார்க்கிறார்கள். அப்பா இரண்டு தடவை “என்ன?” என்றார். ஃபேன் சத்தமாயிருக்கும். பின்பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பினார்.

ஜூன் 20
பல் டொக்டர் வந்தார். இரண்டு பல் எடுக்கவேண்டும். வீட்டுக்குப் போனபிறகும், இனிப் பல் பிடுங்குவதென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு முதல் அமொக்சிசிலின் 2 கிராம் ஒரேயடியாகப் போடவேண்டும். ஒரு குளிசை 500 மில்லிகிராம்.
நாலு.

ஜூன் 22
விடிகாலை 2 மணி. 94.