சோத்தாங்கைப் பக்கம் திரும்பு!

மகளுக்கு ஆறு வயது. மேலே, கீழே, உள்ளே, வெளியே எல்லாம் அத்துப்படி. இடமும் வலமும் மட்டும் நாளுக்கொரு பக்கம் இருக்கும். சரி, கோடிங் சொல்லிக்கொடுத்த மாதிரியும் ஆச்சு என்று நண்பரிடம் ஒரு பீ-பாட் இரவல் வாங்கி வந்தேன். தேனீ பொம்மை, முதுகில் அம்புக்குறிகள். முன்னம்பை ஒருமுறை அழுத்தினால் 15 செ.மீ. போகும். அழுத்தியதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, ‘கோ’ தட்டியதும் வரிசையாகச் செய்யும்.

பந்து வலப்பக்கம் கிடந்தது. வலது அம்பை அழுத்தி, கோ தட்டினாள். தேனீ நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்பிவிட்டுச் சும்மா நின்றது.

“கெட்டுப்போச்சுப்பா.”

“இல்லடா. திரும்புறது வேற, போறது வேற. திரும்பின பிறகு முன்னம்பு.”

அழுத்தினாள். தேனீ பழையபடி ஒரு திரும்பு திரும்பிவிட்டுத்தான் முன்னால் போனது, அதுவும் சுவரைப் பார்த்து. பழைய கட்டளைகளை அழிக்கும் ‘எக்ஸ்’ பொத்தானை நான் மறந்திருந்தேன்.

“முன்னாடி சொன்னதையெல்லாம் மறக்காம வச்சிருக்கே, அம்மா மாதிரி!”

அம்மா அடுத்த அறையில்தான் இருந்தாள். நான் சிரிக்கவில்லை.

1967-இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். அதில் கட்டளை கொடுத்துத் திரையில் ஓர் ஆமையை ஓட்டத் திணறும் பிள்ளைகளை, ‘நீயே ஆமையாக நடந்து பார்’ என்று விடுவது அவர் வழி. எங்கள் வீட்டில் ஆமை வேஷம் எனக்கு. பொருத்தம்தான் என்றாள் மனைவி.

தரை டைல்ஸ்தான் கட்டம். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்; அவள் எதிரே நின்று கட்டளையிடுவாள். “வலது திரும்பு, முன்னாடி ரெண்டு!” கதவில் இடித்தேன். அவள் சொன்னது அவளுடைய வலது. முதுகுப் பக்கம் வந்து நிற்கச் சொன்னேன்.

அதற்குள் என் அம்மா வந்துவிட்டார். “இடது வலதுன்னா குழந்தைக்கு என்னடா தெரியும்? சோத்தாங்கை, நொட்டாங்கைன்னு சொல்லிக்குடு.”

“சோத்தாங்கைப் பக்கம் திரும்பு! முன்னாடி மூணு!”

திரும்பினேன். ஒன்று, இரண்டு, டீப்பாய். முழங்காலுக்குக் கீழே, சரியாக அந்த எலும்பில்.

“தப்பா திரும்பிட்டப்பா. இந்தப் பக்கம்!” கையைத் தூக்கிக் காட்டினாள். இடது கை. அவள் எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் அந்தக் கையில்தான். அவள் கணக்கில் பிழையே இல்லை. பாட்டி வாயைத் திறந்தார், யோசித்தார், மூடிக்கொண்டார்.

கடைசியில் அவளே தலையிலிருந்து ரோஸ் ரப்பர் பேண்டைக் கழற்றி என் வலது மணிக்கட்டில் மாட்டினாள். “ரப்பர் பேண்ட் பக்கம் திரும்பு” என்றதும் ஆமை ஒரு தடவைகூட இடிக்காமல் பந்தைத் தொட்டது.

மறுநாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள், முச்சந்தி வந்ததும் தோளைத் தட்டினாள். “ரப்பர் பேண்ட் பக்கம் போப்பா!”

கையைப் பார்த்தேன். காலையில் குளிக்கும்போது கழற்றி வைத்திருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.